நடுக்குவாதமும் வீட்டு நோட்டும்: நாள்பட்ட நரம்பு நோயை எழுதிக் கண்காணிப்பது எப்படி?



சர்க்கரை நோய்க்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. இரத்தக் கொதிப்புக்குக் கையில் கட்டிப் பார்க்கும் கருவி இருக்கிறது. நம் பெரியவர்கள் நடுக்குவாதம் என்றும் மருத்துவர்கள் பார்க்கின்சன் நோய் என்றும் சொல்லும் நோய் போன மாதத்தைவிட இந்த மாதம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று எண்ணில் காட்ட அப்படி ஒரு சோதனை வழக்கத்தில் இல்லை. மருத்துவர் நோயாளியை நடக்கச் சொல்கிறார், விரல்களைத் தட்டச் சொல்கிறார், பிறகு வீட்டாரிடம் "எப்படி இருக்கிறார்?" என்று கேட்கிறார். "அப்படியேதான் இருக்கார்" என்றோ "கொஞ்சம் பரவாயில்லை" என்றோ பதில் வருகிறது. அடுத்த மாதங்களுக்கான மாத்திரை அளவு பெரும்பாலும் அந்தப் பதிலை நம்பியே முடிவாகிறது.

மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் விடியற்காலையில் பஸ் ஏறி, மதுரை பெரியாஸ்பத்திரியில் வரிசையில் நின்று மருத்துவரைப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்கள் வீணாகக் கூடாது. அதற்கு வீட்டில் ஒரு நோட்டு வேண்டும். அதில் என்ன எழுதுவது, மற்ற நோயாளிகளின் அனுபவத்தை எந்த அளவுக்கு நம்புவது என்பதைப் பார்ப்போம்.

நோய் என்ன செய்கிறது?

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் விவரித்தது ஆறே நோயாளிகளை. அவர்களில் சிலரை அவர் தெருவில்தான் கண்டார். அவர்களின் நடையையும் கைநடுக்கத்தையும் கவனித்து எழுதியதிலிருந்தே இந்நோயின் அடையாளம் உலகுக்குத் தெரிந்தது.

மூளையில் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்லக் குறைகின்றன. அதனால் அசைவுகள் மந்தமாகின்றன, உடல் விறைக்கிறது, ஓய்வாக இருக்கும்போது கை நடுங்குகிறது. எழுத்து சிறுத்துவிடும், குரல் தணிந்துவிடும். நடுக்கமே இல்லாத நோயாளிகளும் உண்டு. நாள்பட்ட மலச்சிக்கல், வாசனை தெரியாமை, தூக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால் வீசுதல் போன்றவை பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடலாம்.

1967-இல் ஹோன், யார் என்ற இரு மருத்துவர்கள் இந்நோயை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். உடலின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்படுவது முதல் நிலை. துணையின்றி எழவே முடியாதது ஐந்தாம் நிலை. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குச் செல்லப் பல ஆண்டுகள் ஆகலாம். அவ்வளவு மெதுவான மாற்றம் தினமும் கூடவே இருப்பவரின் கண்ணுக்குத் தெரியாது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மகன் "அத்தா இப்படி ஆயிட்டாரே!" என்று திடுக்கிடுவதும், வீட்டில் இருப்பவர்கள் "நல்லாத்தானே இருக்கார்" என்று சொல்வதும் இதனால்தான். நினைவை மட்டும் நம்பி இந்நோயை அளக்க முடியாது.

கடன் சிறியதாயினும் பெரியதாயினும் எழுதிக்கொள்ளச் சொல்கிறது திருக்குர்ஆனின் 2:282 வசனம். மனிதன் மறப்பவன் என்பதால் பொருள் விஷயத்திலேயே இந்த எச்சரிக்கை. உடல் விஷயத்தில் எழுதி வைப்பது நமக்கு இன்னும் தேவை.

நோட்டில் என்ன எழுதுவது?

மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய மூன்று நாட்கள், விழித்திருக்கும் நேரத்தில் அரை மணிக்கு ஒரு முறை மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: நன்றாக அசைகிறார்; விறைத்துப்போய் இருக்கிறார்; கைகால் தன்னிச்சையாக ஆடுகிறது. பக்கத்தில் மாத்திரை கொடுத்த நேரத்தையும் சாப்பிட்ட நேரத்தையும் எழுதுங்கள். மாத்திரை எத்தனை மணி நேரம் வேலை செய்கிறது, அடுத்த வேளைக்கு முன்பே அதன் பலன் இறங்கிவிடுகிறதா என்பது இதில் தெரிந்துவிடும். விறைப்புக்கு மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கலாம். தன்னிச்சையான ஆட்டத்துக்குக் குறைக்க வேண்டியிருக்கலாம். இரண்டையும் "நடுக்கம்" என்ற ஒரே சொல்லால் சொன்னால் மருத்துவர் எப்படிப் பிரித்தறிவார்?

மாதம் ஒரு முறை செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, நோயாளி தம் பெயரையும் முகவரியையும் அதே நோட்டில் எழுதட்டும். எழுத்து சிறுப்பதை அந்தப் பக்கங்களே காட்டும். இரண்டாவது, நாற்காலியிலிருந்து எழுந்து பத்தடி நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று குறியுங்கள். ஒவ்வொரு முறையும் அதே நாற்காலி, மருந்து கொடுத்து அதே அளவு நேரம் கழிந்திருக்க வேண்டும். விழுந்துவிடாமல் ஒருவர் அருகில் நிற்கட்டும். மூன்றாவது, கீழே விழுந்த நாட்கள், தொழுகையில் எழ முடியாமல் போனது, மலச்சிக்கல், தூக்கம், இல்லாத உருவங்கள் தெரிவதாகச் சொன்னது ஆகியவற்றை எழுதுங்கள்.

வேறு நோய்களுக்குச் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரும் முதல் பக்கத்தில் இருக்கட்டும். வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் கொடுக்கப்படும் சில மாத்திரைகளே பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளை உண்டாக்கும். அவற்றை அடையாளம் கண்டு மருத்துவர் மாற்றிக் கொடுத்தால் பலருக்கு நடுக்கம் குறைந்துவிடும்.

நடையைக் கைபேசியில் படம் பிடித்துக் காட்டுவது மருத்துவருக்குப் பெரிதும் உதவும். பெண்களானால் ஆடை ஒழுங்கோடு, கையும் நடையும் தெரியும் அளவுக்கு எடுத்தால் போதும். அந்தப் படம் அமானிதம். மருத்துவரைத் தவிர வேறு எவருக்கும், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் கூட, நோயாளியின் சம்மதமின்றி அனுப்பக் கூடாது.

பலரின் குறிப்புகள் சேர்ந்தால்

ஒரு வீட்டின் நோட்டு அந்த வீட்டுக்கு உதவும். நூற்றுக்கணக்கானோரின் குறிப்புகள் ஒரே முறையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. ஸ்டீபன் ஹேவுட் என்பவருக்கு 1998-இல், தசைகளை இயக்கும் நரம்புகளை அழிக்கும் ஏஎல்எஸ் நோய் வந்தது. அவருடைய சகோதரர்கள் நண்பர் ஒருவரோடு சேர்ந்து 2004-இல் 'பேஷண்ட்ஸ் லைக் மீ' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நோயாளிகள் தம் நிலையை மாதாமாதம் அளவுகோல் வைத்து அதில் பதிந்தார்கள்.

2008-இல் இத்தாலிய ஆய்வாளர்கள், லித்தியம் என்ற மருந்து இந்நோயை மெதுவாக்குகிறது என்று அறிவித்தார்கள். அதைச் சாப்பிட்ட 16 பேரில் ஒருவரும் 15 மாதங்களில் இறக்கவில்லை. செய்தி பரவியதும் பல நாட்டு நோயாளிகள் லித்தியம் சாப்பிடத் தொடங்கினார்கள். அவர்களில் 149 பேரின் பதிவுகளை, நோய் அதே வேகத்தில் வளர்ந்துவந்த, லித்தியம் சாப்பிடாத மற்றவர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டு கடந்தும் லித்தியத்தால் எந்தப் பலனும் இல்லை. முறையான மருத்துவ ஆய்வுகளும் பின்னர் அதையே உறுதி செய்தன.

இவர்களும் நம்பிக்கையோடு சாப்பிட்டவர்கள்தான். தேறிவிட்டதாக உணர்ந்தவர்களும் இருந்திருப்பார்கள். உண்மையைக் காட்டிக் கொடுத்தது அவர்கள் முன்பிருந்தே எழுதி வந்த கணக்கு.

செய்திக்கு ஸனது கேளுங்கள்

ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தி வந்தால், யார் யாரிடம் கேட்டார், அவர் நம்பகமானவரா, நினைவாற்றல் உள்ளவரா என்று அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்தார்கள். "நடுக்குவாதம் நாற்பது நாளில் குணம்" என்று கைபேசியில் வரும் செய்திக்கும் அதையே கேளுங்கள். குணமானவர் யார்? அவருக்கு இந்நோய் என்று உறுதி செய்தது எந்த மருத்துவர்? முன்பு எப்படி இருந்தார் என்று எழுதி வைத்திருக்கிறாரா? வேறு என்ன மருந்து சாப்பிட்டார்? பதில் இல்லாத செய்தியைப் பிறருக்கு அனுப்பாதீர்கள்.

பூனைக்காலி விதை நல்ல உதாரணம். இந்நோயின் முக்கிய மருந்தான லெவோடோபா அந்த விதையில் இருப்பதை 1937-இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு அறிஞர்கள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஆகவே இது வெறும் கட்டுக்கதையில்லை. ஆனால் மாத்திரையும் பொடியும் சேர்ந்தால் ஒரே மருந்து இரட்டிப்பாகிறது. பொடியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மாறும். பொடியை நம்பி மாத்திரையைத் திடீரென நிறுத்துவது அதைவிட ஆபத்து. கடும் விறைப்பும் காய்ச்சலும் வந்து உயிருக்கே கேடாகலாம்.

நோன்பும் உரிமையும்

நோய் முற்றும்போது பகலில் பல வேளை மாத்திரை தேவைப்படும். ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே நோட்டைக் காட்டி, ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முடியாது என்றால் அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதில் குறையேதும் இல்லை. பிறகு நோற்கவும் இயலாத தீராத நோயாளி, ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யா நிறைவேற்றலாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைப் பாதிப்புகளைப் பட்டியலிடுகிறது. பார்க்கின்சன் நோயும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸும் அதில் உண்டு. சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் மருத்துவச் சீட்டுகளோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் தரப்படுகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நோட்டு எழுதும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்மீதே விழும். சமைத்து, குளிப்பாட்டி, மருந்தும் கொடுப்பவருக்கு அரை மணிக்கு ஒரு முறை எழுதுவது கூடுதல் சுமை. கல்லூரியில் படிக்கும் பேரனும் பேத்தியும் அந்த மூன்று நாள் வேலையை ஏற்றுக்கொள்ளட்டும். பெற்றோருக்குச் செய்யும் பணிவிடையில் இதுவும் ஒன்று. அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு நிவாரணத்தையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.