கொடைக்கானலின் சூரியப் பதிவேடு

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் பழனி மலையில் கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1901இல் இங்கு முறையான கவனிப்புப் பணி தொடங்கியது. வானம் தெளிந்திருக்கும் நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்து வைப்பது இந்த ஆய்வகத்தின் அடிப்படை வேலை. நூறாண்டுக்கு மேல் சேர்ந்த அந்தப் படங்கள் இன்றைய சூரிய இயற்பியலுக்கு முக்கியமான தரவாகியிருக்கின்றன.

இதன் வேர் சென்னையில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் வைத்திருந்தார். கம்பெனி அதை ஏற்றுக்கொண்டு, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. தொலைநோக்குக் கருவியைத் தாங்க அங்கே நிறுத்திய கருங்கல் தூணின் எடை சுமார் 10 டன். அந்த ஆண்டும் கட்டியவரின் பெயரும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. விண்மீன்களின் இருப்பிடத்தை அளப்பதும், நில அளவைக்கும் கப்பல்களுக்கும் வேண்டிய நேரத்தைக் கணிப்பதும் அங்கு நடந்தன. 1861இல் நார்மன் போக்சன் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, அதற்கு ‘ஆசியா’ என்று பெயரிட்டார். அவருக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார்.

ஆய்வு விண்மீன்களிலிருந்து சூரியனுக்குத் திரும்பக் காரணமானது பஞ்சம். 1876–78இல் சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். சூரியனின் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைகின்றன என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. புள்ளிகள் குறையும் காலத்தில் மழையும் குறைந்து பஞ்சம் வருகிறது என்று நார்மன் லாக்யரும் வில்லியம் ஹன்டரும் 1877இல் எழுதினர். அது உண்மையானால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்ற நம்பிக்கை அரசுக்குப் பிறந்தது. சூரியனை ஆராயத் தென்னக மலை ஒன்றில் ஆய்வகம் வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. சென்னை கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித், நீலகிரியிலும் பழனி மலையிலும் வானத் தெளிவைச் சோதித்தார். 1893இல் கொடைக்கானல் தேர்வானது. 1895இல் மாகாண ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரல் 1 முதல் வானியல் பணி சென்னையிலிருந்து மலைக்கு மாறியது.

1904இல் கால்சியம் ஒளியில் படமெடுக்கும் கருவி இங்கு இயங்கத் தொடங்கியது. 46 செ.மீ. ஆடி ஒன்று வெயிலை அசையாத திசையில் திருப்பும். 30 செ.மீ. வில்லை 60 மி.மீ. அகலச் சூரியப் பிம்பத்தை ஒரு மெல்லிய பிளவின் மேல் விழச் செய்யும். உள்ளே புகுந்த ஒளி நிறங்களாகப் பிரியும். கால்சியத்துக்கு உரிய ஊதா ஒளியை மட்டும் இரண்டாவது பிளவு வெளியே விடும். பிம்பம் முதல் பிளவைக் கடந்து செல்லச் செல்ல, கண்ணாடித் தகட்டில் கோடு கோடாக முழுச் சூரியனும் பதியும். வெள்ளொளியில் 20 செ.மீ. பிம்பம் தனியே எடுக்கப்பட்டது. இவற்றை வைத்து, அட்சக் கோடுகள் அச்சிட்ட வட்டத்தாளில் ஒவ்வொரு நாளும் கரும்புள்ளிகளையும், ஒளித் திட்டுகளையும், விளிம்பில் எழும் தழல்களையும் தனித்தனி நிறத்தில் கையால் வரைந்து வைத்தனர்.

1907இல் வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட் ஆய்வகத்துக்கு உலகப் பெயர் தேடித் தந்தார். கரும்புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதை 1908இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஹேல் காட்டியிருந்தார். அங்கே வாயு சுழல்கிறது என்பது அன்றைய கருத்து. அந்தச் சுழலைத் தேடிய எவர்ஷெட், 1909 ஜனவரியில் கண்டது வேறொன்று. புள்ளியின் புறநிழற்பகுதியில் சூரிய மையத்தை நோக்கிய பக்கத்து நிறமாலைக் கோடுகள் நீலத்தின் பக்கமும், விளிம்பை நோக்கிய பக்கத்துக் கோடுகள் சிவப்பின் பக்கமும் நகர்ந்திருந்தன. வாயு சுழலவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கிக் கிடையாகப் பாய்கிறது என்பதற்கு அது சான்று. இது ‘எவர்ஷெட் விளைவு’ என்று பாடநூல்களில் நிலைத்துவிட்டது. அவர் மனைவி மேரி எவர்ஷெட் சூரியத் தழல்களை ஆராய்ந்தார். 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியிலும் படங்கள் எடுக்கப்பட்டன.

மழைக் கேள்விக்கு மட்டும் எதிர்பார்த்த விடை கிடைக்கவில்லை. இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர், கரும்புள்ளி எண்ணிக்கைக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது என்று கண்டார். பருவமழையைப் புரிந்துகொள்ள, பசிபிக், இந்தியப் பெருங்கடல்களுக்கு இடையே காற்றழுத்தம் ஊசலாடுவதே உதவும் என்பதை அவர் காட்டினார். ஆனாலும் கொடைக்கானலில் அன்றாடப் படமெடுப்பு நிற்கவில்லை. ஆய்வகத்தின் உண்மையான பெருமை இந்த விடாமுயற்சியில்தான் இருக்கிறது.

விடுதலைக்குப் பின் 60 மீட்டர் நீளச் சுரங்கத் தொலைநோக்கி அமைந்தது. 1960இல் வைணு பாப்பு இயக்குநரானார். 1971இல் ஆய்வகம் வானிலைத் துறையிலிருந்து பிரிந்து, இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் அங்கமானது. புகைப்படத் தகடுகளின் காலம் முடிந்த பின், அவை ஒவ்வொன்றாகக் கணினிப் படங்களாக மாற்றப்பட்டன.

அதன் பயன் இப்போது தெரிகிறது. கரும்புள்ளிகள் பெரும்பாலும் நடுக்கோட்டின் இருபுறமும் உள்ள அட்சங்களில் மட்டுமே தோன்றும். துருவங்களுக்கு அருகே சூரியன் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை அவற்றைக் கொண்டு அளக்க முடியாது. கால்சியம் படங்களில் தெரியும் ஒளிவலையோ சூரியன் முழுதும் பரவியிருக்கிறது. நூறாண்டுத் தகடுகளில் அதைத் தொடர்ந்து, 2024இல் ஆய்வாளர்கள் சூரிய வளிமண்டலத்தின் ஓர் அடுக்கான நிறமண்டலத்தின் சுழற்சியைத் துருவம் வரை வரைந்தனர். நடுக்கோட்டில் அது நாளுக்கு 13.98 பாகை, 80 பாகை அட்சத்தில் 10.5 பாகை. கால்சியம் ஒளி மிகும் இடங்களில் காந்தப்புலமும் மிகுந்திருக்கும். காந்தப்புல வரைபடங்கள் ஒழுங்காகக் கிடைப்பது 1970களிலிருந்துதான் என்பதால், அதற்கு முந்தைய நிலையைக் கணிக்க இந்தத் தகடுகள் உதவுகின்றன.

2023 செப்டம்பர் 2இல் இஸ்ரோ ஏவிய ஆதித்யா-எல்1 விண்கலத்தின் முதன்மைக் கருவியை இந்திய வான் இயற்பியல் நிறுவனமே உருவாக்கியது. அந்தக் கருவி புவியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் நின்று சூரியனின் ஒளிமகுடத்தை ஆராய்கிறது. கொடைக்கானலில் இப்போது மின்னணுக் கேமராக்கள் அன்றாடப் படங்களை எடுக்கின்றன. தகட்டின் கருமையையும் கேமராவின் அளவையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தால்தான் 1904இல் தொடங்கிய வரிசை அறுபடாமல் நீளும். அந்தச் சீரமைப்பு நுணுக்கமான தனி ஆய்வாக வளர்ந்திருக்கிறது.