கேரட்டை எங்கே குத்தணும்? ஊட்டிவிடும் ரோபோ கற்ற பாடம்

அமெரிக்காவில் சாப்பிடவே இன்னொருவர் உதவி தேவைப்படும் பெரியவர்கள் சுமார் 10 லட்சம் பேர். இது 2010-ம் ஆண்டுக் கணக்கு. ஒவ்வொரு வாய்க்கும் யாரையாவது எதிர்பார்க்கணும்.

சென்னை ஐஐடியில் படித்த சித்தார்த்தா ஸ்ரீநிவாசாவின் குழு, சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதற்காகவே உருவாக்கிய ரோபோ கைதான் 'அடா'. சக்கர நாற்காலியில் பொருத்திக்கொள்ளலாம். தட்டில் என்ன இருக்கிறது என்று கேமரா பார்க்கும். முள்கரண்டியில் எவ்வளவு அழுத்தம் என்று சென்சார் சொல்லும்.

கஷ்டம் எங்கே? கேரட்டுக்கு அழுத்திக் குத்தணும். வாழைப்பழத்தை நேராகக் குத்தினால் வழுக்கி விழும், சாய்த்துக் குத்தணும். அதோடு முடியலை. நீளக் கேரட் துண்டை நடுவில் குத்தினால் ஈஸியா எடுத்துடலாம், ஆனால் சாப்பிடுபவரால் கடிக்க முடியாது! அதனால் ஓரத்தில் குத்தி, வாய்ப் பக்கம் சாய்த்துக் கொடுக்கக் கற்றது அடா. 2019-ல் வெளியான இந்த ஆய்வு, குத்தி எடுக்கும் துண்டுகளுக்கு மட்டும்தான். சோறு பிசைந்து ஊட்டுவது வேறு கணக்கு.