கீரிமலையும் உப்பும்: உணவு வரலாற்றுக் குறிப்பு

கீரிமலைத் தீர்த்தம் நோய் தீர்க்கும் என்னும் நம்பிக்கை பழைமையானது. குதிரைமுகம் நீங்கப்பெற்ற மாருதப்புரவீகவல்லியின் கதை அதன் இலக்கிய வடிவம். எனினும், உயர் குருதியமுக்கத்தை நீராடல் தீர்ப்பதில்லை. அதன் காரணங்களுட் பெரியதொன்று உண்கலத்தில் உள்ளது.

நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதாரத் தாபனத்தின் விதந்துரை. அது ஒரு தேக்கரண்டியினும் சற்றுக் குறைவு. உப்பின் சோடியம் உடலில் நீரைத் தேக்கிக் குருதியின் கனவளவைக் கூட்டுகிறது. கீரை, பழம், பயறு ஆகியவற்றின் பொற்றாசியம் அச்சோடியத்தை வெளியேற்றத் துணைசெய்கிறது (சிறுநீரக நோயாளர் விடயம் வேறு). காய்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பாலுணவு மிகுந்த உணவுமுறை, உப்பைக் குறைக்காதவிடத்தும், அமுக்கத்தைத் தாழ்த்தியதை 1997இல் அமெரிக்காவில் வெளியான 'டாஷ்' ஆய்வு காட்டிற்று.

ஆயின், கருவாடு நாச்சுவையால் மட்டும் பிறந்ததன்று. பனிக்கட்டி வசதியற்ற கடற்றொழிலாளி, விலைபோகாத மீனை அழுகவிடாது காக்கக் கண்ட வழி அது. சந்தை விலை அவன் கையில் இல்லை. உப்பிட்ட மீனே அவன் சேமிப்பு. உப்பு வணிகத்தைப் பிரித்தானிய அரசு தன் ஏகபோகமாக வைத்திருந்த காலத்தும் அவ்வழி மறையவில்லை. 'உப்பைக் குறை' என நோயாளியை மட்டும் நோக்கிக் கூறும் அறிவுரை இவ்வுற்பத்தி உறவைக் காண்பதில்லை. கருவாட்டைப் பலமுறை நீரில் ஊறவைத்துக் கழுவினால் உப்புக் குறையும் என்பது உண்மையே. அதற்கு நன்னீரும் வேண்டும்.

1990இல் போர் இவ்வூரவரை இடம்பெயர்த்தது. பலர் ஆண்டுக்கணக்கில் முகாம்களில் நிவாரண உணவில் வாழ்ந்தனர். வேலி முருங்கையும் கீரைப்பாத்தியும் நிலத்தோடு போயின. அவற்றுக்கு ஈடான எதுவும் நிவாரணப் பொதியில் இருக்கவில்லை.