வெடிச்சத்தம் பழகிய யானைகள்

கோவைக்கு மேற்கே தடாகம், ஆனைகட்டி, நரசீபுரம், மதுக்கரை என்று மலையடிவாரத்தை ஒட்டிய ஊர்களில் யானை விரட்டுவது பழைய வேலை. பரண் கட்டி, தீ மூட்டி, தகரத்தைத் தட்டி இரவெல்லாம் விழித்திருப்பது அறுவடைக் காலக் கடமைகளில் ஒன்று. அன்றைக்குச் சோளமும் கம்பும் ராகியும் மழையை நம்பி விளைந்தன. காவலும் சில வாரங்களில் முடிந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து கிணறுகளில் மோட்டார் ஓடத் தொடங்கியபின் வாழையும் கரும்பும் தென்னையும் ஆண்டு முழுக்கப் பச்சையாக நின்றன. யானைக்கு விருந்து ஒரு பருவத்தோடு முடியாமல் நீண்டதற்கு இதுவே முதல் காரணம். இரண்டாவது காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தக் காலத்தில் தகரச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி இருக்க வாய்ப்பிருந்தது. காட்டில் யானைக்குழிகளும் இருந்தன. 1873இல் சென்னை மாகாணம் காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1972இன் வன உயிரினச் சட்டமும் அதன்பின் வந்த திருத்தமும் துப்பாக்கியை விலக்கின. விலக்கியது நல்லதுதான். ஆனால் அதன்பிறகு சத்தம் வெறும் சத்தமாகிவிட்டது. நூறு முறை பட்டாசு வெடித்தும் உடம்பில் ஒரு கீறல் விழாவிட்டால், பயம் ஏன் மிஞ்ச வேண்டும்?

கற்றது இப்படி மங்குவதைச் சோதனைக்கூடத்தில் முதலில் விரிவாக ஆராய்ந்தவர் ரஷ்யாவின் பாவ்லவ். மணி அடித்ததும் எச்சில் ஊறப் பழகிய நாய்க்கு, மணி மட்டும் அடித்து உணவு தராமலே இருந்தால் எச்சில் நின்றுவிடும். அவர் கவனித்த இன்னொன்று அதைவிட முக்கியம்: சிறிது நேரம் விட்டு மறுபடி மணி அடித்தால் நின்றுபோன எச்சில் திரும்பவும் ஊறியது. அப்படியானால் பழையது அழியவில்லை, அடங்கித்தான் இருந்தது. 1992இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் அமிக்டலாவில், அதாவது பயத்தைப் பதியவைக்கும் பகுதியில், கற்றலுக்குத் தேவையான என்எம்டிஏ ஏற்பியை மருந்தால் தடுத்தபோது பயம் மங்கவே இல்லை. மறப்பது தானாகத் தேய்வதாக இருந்தால் மருந்தால் அதை எப்படி நிறுத்தமுடியும்? 'இனி ஆபத்தில்லை' என்பதையும் மூளை புதிதாகக் கற்கவேண்டியிருக்கிறது. 2002இல் போர்ட்டோ ரிக்கோவில் மிலாடும் குவெர்க்கும் செய்த ஆய்வு அடுத்த கண்ணியைக் காட்டியது. பயம் தணிந்த மறுநாள் அதே ஒலியைக் கேட்ட எலிகளில், முன்மூளைப் புறணியின் ஒரு சிறு பகுதியிலுள்ள நரம்பணுக்கள் துடித்தன; அவை துடித்த அளவுக்கு எலி பயப்படாமல் இருந்தது. பயம் கீழே கிடக்கிறது, மேலிருந்து ஒரு கை அதை அமுக்கிப் பிடித்திருக்கிறது.

அந்தக் கை எல்லா இடத்திலும் நீளுவதில்லை. உளவியலாளர் மார்க் பவுட்டன் 1979 முதல் செய்துவந்த ஆய்வுகளின் சாரம் இது: முதலில் கற்றது எந்த இடத்துக்கும் கூடவே வரும், 'இனி இல்லை' என்று பிறகு கற்றதோ கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். இடத்தை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸ் இதில் பங்கு வகிக்கிறது. பயத்துக்கு மட்டுமல்ல, உணவுக்காகக் கற்ற பழக்கத்துக்கும் இது பொருந்துகிறது. இடம் மாற்றினால் யானை திருந்திவிடும் என்ற நம்பிக்கை ஆட்டம் காண்பது இங்கேதான். புதிய காட்டில் இறக்கிவிடப்படும் யானை, தோட்டம் என்றால் உணவு என்ற பாடத்தை முழுதாக எடுத்துக்கொண்டே இறங்குகிறது.

தடாகத்தில் 2019 ஜனவரி 25 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்த சின்னத்தம்பி என்ற ஆண் யானையை ஆனைமலைக் காட்டில் வரகளியாற்றுப் பக்கம் விட்டார்கள். சில நாட்களிலேயே அது வெளியே வந்து, உடுமலை அருகே கரும்புக் காடுகளில் தங்கிவிட்டது. சொந்த ஊரைத் தேடி வந்தது என்று பலர் உருகினார்கள். ஆனால் அது தங்கிய இடம் தடாகம் அல்ல, முன்பின் தெரியாத கரும்புத் தோட்டம். 2023 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில் பிடித்து அதே வரகளியாற்றில் விட்ட மக்னாவும், அதாவது தந்தமில்லாத ஆண் யானையும், அப்படித்தான். பொள்ளாச்சி வழியாக நடந்து அந்த மாதமே கோவை நகரின் விளிம்புக்கு வந்தது. பிடித்து வேறிடத்தில் விட்டும் சரளபதிப் பக்கம் இறங்கி, ஜூலை கடைசியில் மறுபடி பிடிபட்டது. இலங்கையில் கழுத்துப்பட்டை மாட்டி இடம் மாற்றிய ஆண் யானைகளை 2012இல் வெளியான ஆய்வு பின்தொடர்ந்தது. விட்ட பூங்காவிலேயே இரண்டு கொல்லப்பட்டன. மற்றவை எல்லாம் பூங்காவை விட்டு வெளியேறிவிட்டன.

பழக்கமாவது ஒன்றாவது, பசிதான் காரணம், காட்டில் தீவனம் இல்லை என்பார்கள். காடு சுருங்கியதும் உண்ணிச்செடி மண்டியதும் உண்மை. ஆனால் ஒரே காட்டில் வாழும் எல்லா யானையும் தோட்டத்தில் இறங்குவதில்லை. 1980களில் சத்தியமங்கலத்தை ஒட்டிய மலைகளில் ஆய்வு செய்த ராமன் சுகுமார், குட்டிகளோடு திரியும் கூட்டங்களைவிட வளர்ந்த ஆண் யானைகளே அதிகம் பயிரில் இறங்குவதைக் கண்டார். பசி பொதுவாக இருக்க, துணிச்சல் சிலவற்றுக்கே இருக்கிறது. துணிந்து பார்த்துப் பலன் கண்டதே பழக்கமாகிறது. எலியின் மூளையை வைத்து யானையைப் பேசலாமா என்று கேட்பதும் நியாயமே. காட்டு யானையின் தலைக்குள் மின்முனை வைத்து யாரும் பார்த்ததில்லை. ஆயினும் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் இரண்டும் பாலூட்டிகளுக்குப் பொதுவானவை. அதற்குமேல், இந்த யானைகள் நடந்துகாட்டிய பாதையே சாட்சியாக இருக்கிறது. அப்படியென்றால் விடாமல் விரட்டினால் தோட்டப் பழக்கமும் மங்காதா என்பது கடைசிக் கேள்வி. மங்கும், ஒரு இரவுகூடப் பலன் கிடைக்காமல் இருந்தால். பத்து நாள் வெறுங்கையோடு போய்ப் பதினோராம் நாள் ஒரு வாழைத்தார் கிடைத்தால் பழக்கம் முன்னைவிடக் கெட்டிப்படும். எப்போதாவது மட்டும் கிடைக்கும் பரிசு பழக்கத்தை எவ்வளவு நீட்டிக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் எலிகளிலும் புறாக்களிலும் காட்டிவிட்டார். பாதி விரட்டு என்பது யானைக்குப் பயிற்சி கொடுப்பதற்குச் சமம்.

சின்னத்தம்பி பின்னர் கும்கியான, அதாவது காட்டு யானைகளைப் பிடிக்க உதவும் பழக்கிய யானையான, கதையை இதற்கு எதிராகக் காட்ட முடியாது. 2019 பிப்ரவரி 15 அன்று மறுபடி பிடித்து, கரோல் எனப்படும் மரக்கூண்டில் அடைத்து, பாகன்கள் கரும்பும் வெல்லமும் கொடுத்தே அதைப் பழக்கினார்கள். கரும்பு ஆசை போகவில்லை; அதுவே கூலியாக மாறியது. 2023இல் அந்த மக்னாவைப் பிடிக்கத் தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுக்குப் போனதும் அதே சின்னத்தம்பிதான். இந்த வழியில் ஒரு யானையைப் பழக்கலாம், அதுவும் அதன் ஆயுள் முழுக்கச் சோறு போட்டு. ஆனால் சின்னத்தம்பியும், அதற்கு முன் பிடித்து முதுமலைக்கு அனுப்பிய விநாயகனும் போன பிறகும் தடாகத்துத் தோட்டங்களில் வேறு ஆண் யானைகள் இறங்கத்தான் செய்தன. வாழையும் தென்னையும் இருந்த இடத்திலேயே இருந்தன.