மூன்றாம் வருஷமும் அந்தப் பம்பில் தண்ணீர் வருமா?



வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் அங்குள்ள ரோட்டரி சங்கத்தில் உறுப்பினர். ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றுக்கு ஆழ்துளைக் கிணறும் கைப்பம்பும் அமைத்துக் கொடுக்க, அடுத்த கூட்டத்தில் நிதி திரட்டப் போகிறார்களாம். "டீச்சர், இந்த மாதிரி வேலைகளுக்கு ஏதாவது வரலாறு உண்டா? கூட்டத்தில் ரெண்டு வார்த்தை பேசணும்" என்று கேட்டிருந்தார். அவருக்கு எழுதியதையே கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். உங்களில் பலர் இப்படிப்பட்ட பணிகளுக்குப் பணம் அனுப்புகிறவர்கள். பதிவு நீளம்தான். டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் ரோட்டரியின் கதை. 1905 பிப்ரவரி 23 அன்று, அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு கூடிப் பேசினார். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், இன்னொருவர் தையற்கடைக்காரர். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் என்று சுழற்சி முறையில் கூடியதால்தான் 'ரோட்டரி' என்ற பெயர் வந்தது. தொடக்கத்தில் அது நட்புக்கும் தொழில் தொடர்புக்குமான கூட்டம். ஊருக்கு உழைக்க வேண்டும் என்ற எண்ணம் பிறகுதான் வந்தது.

ஊருக்காக அவர்கள் எடுத்த முதல் வேலை என்ன தெரியுமா? பொதுக் கழிப்பறை! 1907-இல் சிகாகோ நகரின் மையத்தில் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று மற்ற அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு குரல் கொடுத்தார்கள். சிகாகோவுக்கு இதன் அருமை தெரியும். அந்த ஊரின் சாக்கடை ஆற்றில் கலந்து, ஆறு மிச்சிகன் ஏரியில் கலந்தது. குடிநீரும் அதே ஏரியிலிருந்துதான். டைபாய்டு வாட்டி எடுத்தது. கடைசியில் ஒரு கால்வாய் வெட்டி, 1900-இல் அந்த ஆற்றையே எதிர்த்திசையில் திருப்பிவிட்டார்கள். ஆகவே தண்ணீரும் சுகாதாரமும் ரோட்டரிக்குப் புதிய அக்கறை இல்லை. முதல் பாடமே அதுதான்.

கடல் தாண்டி உதவி செய்யும் பழக்கம் எப்படி வந்தது? 1917-இல் அட்லாண்டா மாநாட்டில் ஆர்ச் கிளம்ஃப் என்ற தலைவர், உலகில் நன்மை செய்ய ஒரு நிரந்தர நிதி வேண்டும் என்றார். மறு ஆண்டு கான்சாஸ் சிட்டி சங்கம் முதல் நன்கொடை அனுப்பியது. எவ்வளவு? 26 டாலர் 50 சென்ட். நம் வீட்டு உண்டியல் மாதிரிதான். 1947-இல் பால் ஹாரிஸ் மறைந்தபோது அவர் நினைவாகப் பணம் வந்து குவிந்தது. அந்த உண்டியல் பெரிய அறக்கட்டளையாக வளர்ந்தது.

இன்றைய நடைமுறை இப்படி. உதவி பெறும் நாட்டில் ஒரு ரோட்டரி சங்கமும், வெளிநாட்டில் ஒரு சங்கமும் கைகோக்க வேண்டும். இருவர் பணத்தோடு அறக்கட்டளையின் பணமும் சேரும். 'குளோபல் கிராண்ட்' என்ற அந்தப் பெரிய நிதிக்குத் திட்டச் செலவு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். மணி அடித்துத் தொடங்கி, சாப்பாடு முடித்து, ஒருவர் படம் போட்டுக் காட்டிப் பேச, மற்றவர்கள் கை உயர்த்தி ஒப்புதல் தரும் ஒரு கூட்டத்திலிருந்து, பல்லாயிரம் மைல் தள்ளி ஒரு கிராமத்தில் கிணறு பிறக்கிறது. நினைத்துப் பார்த்தால் அதிசயம்தான்.

ஆனால் கிணறு பிறந்தால் போதாது, பிழைக்க வேண்டும். இந்த வரலாற்றின் முக்கியமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது. இதில் நம் தமிழ்நாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

1960-களின் நடுவில் பீகாரிலும் மற்ற இடங்களிலும் கடும் வறட்சி. யுனிசெஃப் நிறுவனம் பாறையைத் துளைக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். மேலே பொருத்தியது வார்ப்பிரும்புப் பம்பு. அது ஐரோப்பா, அமெரிக்காவில் ஒரு பண்ணை வீட்டுக்காகச் செய்த பம்பின் நகல். நாளைக்கு ஒரு குடும்பம் அடிக்க வேண்டிய பம்பை, நம் ஊரில் விடியற்காலை முதல் இரவு வரை ஊரே அடித்தது. எத்தனை நாள் தாங்கும்? பெரும்பாலானவை சில மாதங்களிலேயே படுத்துவிட்டன. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மேலே வரவில்லை.

இதற்குத் தீர்வு ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் ஒரு கிறித்தவ மிஷன் பட்டறையில் உறுதியான ஒரு பம்பை உருவாக்கியிருந்தார்கள். அதை அடிப்படையாக வைத்து யுனிசெஃப், மத்திய அரசின் இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனம், சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்டு கிரடாஸ் என்ற அரசு நிறுவனம் எல்லாம் சேர்ந்து 1970-களில் புதிய பம்பை வடிவமைத்தார்கள். சோதனை நடந்தது எங்கே? நம் கோயம்புத்தூர் பக்கத்தில். நிலத்தடி நீர் ரொம்ப ஆழத்தில் கிடக்கும் பகுதி அது. அங்கே தாக்குப் பிடித்தால் எங்கும் தாக்குப் பிடிக்கும் என்ற கணக்கு. அதுதான் 'இந்தியா மார்க் 2'.

பெயர் புதிதாக இருக்கலாம், பொருள் உங்களுக்குப் பழையது. நம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நின்றதே, மதியம் சாப்பிட்டுவிட்டு இருவர் இருவராகத் தொங்கி அடிப்பீர்களே, அந்த அடிபம்பு அந்த இனம்தான். இங்கிருந்து அது உகாண்டா, கானா, மாலி என்று ஆப்பிரிக்கா முழுக்கப் போய்ச் சேர்ந்தது. வெளிநாட்டுச் சங்கங்கள் இன்று நன்கொடையாகக் கொடுக்கும் கைப்பம்புகளில் பல இதன் வழித்தோன்றல்களே.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? இல்லை. அந்தப் பம்பு அவ்வளவு சீக்கிரம் கெடாது. கெட்டால், கீழே இருக்கும் வாசரை மாற்ற மொத்தக் குழாயையும் மேலே தூக்க வேண்டும். அதற்குத் தனிக் கருவிகள், நாலைந்து ஆட்கள், வண்டி எல்லாம் வேண்டும். நம் பக்கத்திலாவது பஞ்சாயத்து யூனியனிலிருந்து ஆள் வருவார். ஆப்பிரிக்காவின் ஒரு உள்கிராமத்துக்கு யார் வருவது? வாசர் எந்தக் கடையில் கிடைக்கும்? சில நாடுகளில் நிலத்தடி நீர் அமிலத்தன்மை கொண்டது. இரும்புக் குழாய் துருப்பிடித்து, தண்ணீர் சிவப்பாக வந்தது. துணி கறைபட்டது, வாயில் வைக்க முடியவில்லை. பெண்கள் பழையபடி குட்டைக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

2009-இல் சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளிலிருந்து திரட்டிய ஒரு கணக்கின்படி, அங்குள்ள கைப்பம்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஓடவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் எங்கோ ஒரு கூட்டம், ஒரு கைதட்டல், ஒரு திறப்பு விழாப் புகைப்படம் இருந்திருக்கும்.

இன்னொரு உதாரணம். குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் மேலே ஏறும் 'பிளேபம்ப்' என்ற கருவி தென்னாப்பிரிக்காவில் வந்தது. விளையாட்டும் ஆச்சு, தண்ணீரும் ஆச்சு. கேட்டவர்கள் எல்லாம் மயங்கினார்கள். 2006-இல் அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் 1 கோடியே 64 லட்சம் டாலர் உதவியை அறிவித்தார். 2010-க்குள் 4,000 பம்புகள் என்பது இலக்கு. பிறகு நடந்தது என்ன? குழந்தைகள் எப்போதும் விளையாடுவார்களா? அவர்கள் பள்ளிக்குப் போன நேரத்தில் பெண்களும் பாட்டிமார்களும் அந்த ராட்டினத்தைக் குனிந்து கையால் தள்ளிச் சுற்றினார்கள். சொன்ன அளவு மக்களுக்குத் தண்ணீர் கொடுக்கக் குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 'கார்டியன்' நாளிதழ் கணக்குப் போட்டது. நாளுக்கு 24 மணி நேரம்தான் என்பது இரண்டாம் வகுப்புப் பாடம். இலக்கை எட்டாமலே அந்த இயக்கம் முடிந்தது. அந்தப் பெண்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பம்பு நன்றாக ஓடினாலும் போதாது. வங்காளதேசத்தில் குட்டைத் தண்ணீரால் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்ததைத் தடுக்க, 1970-கள் முதல் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். நல்ல எண்ணம்தான். பலனும் கிடைத்தது. ஆனால் அந்த நிலத்தடி நீரில் ஆர்சனிக் நஞ்சு இருப்பது 1993-இல் தெரியவந்தது. கோடிக்கணக்கான மக்கள் அதைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொரு கிணறாகச் சோதித்து, நஞ்சு உள்ளதற்குச் சிவப்பு, நல்லதற்குப் பச்சை என்று பெயின்ட் அடித்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியானால் கொடுக்கவே வேண்டாம் போலிருக்கிறதே" என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது அதுவல்ல. தவறுகளிலிருந்து கற்றுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். கிராமத்தாரே கழற்றி மாட்டக்கூடிய பம்பு வேண்டும் என்று 1980-களில் உலக அளவில் முயற்சி நடந்தது. அதில் வந்த மார்க் 3 பம்பில் குழாயைத் தூக்காமலே வாசரை மாற்றலாம். அதன் சோதனையும் கோவைப் பக்கம்தான். உத்தரப்பிரதேசத்தின் பாந்தா பகுதியில் கிராமத்துப் பெண்களே ஸ்பேனர் பிடித்துப் பம்பு மெக்கானிக் ஆனார்கள். தண்ணீர் சுமக்கிறவள் கையில் கருவியைக் கொடுத்தால் பம்பு ஏன் கெட்டுக் கிடக்கப் போகிறது? ரோட்டரியும் இப்போது ஊர்மக்களின் தேவையை முதலில் கேட்டறிந்து, பிற்காலப் பராமரிப்புக்கும் வழி சொன்னால்தான் பெரிய நிதியைத் தருகிறது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அது வாங்குகிறவருக்குச் சொன்னது. கொடுக்கிறவர் பல்லைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஆகவே, பணம் கொடுக்கும் முன் கூட்டத்தில் எழுந்து நின்று இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. இடத்தையும் பம்பையும் தேர்ந்தெடுத்தது யார்? தண்ணீர் எடுக்கும் பெண்களிடம் கேட்டீர்களா?

2. தண்ணீரைச் சோதித்தீர்களா? இனியும் சோதிப்பது யார்?

3. பழுதானால் சரிசெய்யும் ஆள் அந்த ஊரிலேயே இருக்கிறாரா? உதிரிபாகம் எங்கே கிடைக்கும்? அதற்குப் பணம் யார் கையில்?

4. மூன்று வருஷம் கழித்துப் போய்ப் பார்த்து, இதே கூட்டத்தில் வந்து சொல்லப் போவது யார்?

வகுப்பில் கேள்வி கேட்டவர்களை நான் ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் கூட்டத்திலும் தயங்காமல் கேளுங்கள். சரியான பதில் வந்தால் தாராளமாகக் கொடுங்கள். முடிந்தால் இரண்டு மடங்காகக் கொடுங்கள். பதில் வராவிட்டால், பதில் தேடும் வேலையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அதுவும் தொண்டுதான்.

உங்கள் ஊரில் ஓடாமல் நிற்கும் பம்பு, இன்னும் ஓடும் பம்பு பற்றிப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஓடுவது ஏன் ஓடுகிறது என்பதை அவசியம் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்