தோப்பியும் செஸோனும்

செஸோன் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பருவம் என்று பொருள். பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் எனோ மாகாணத்துப் பண்ணைகளில் வடிக்கப்பட்ட ஒரு பீருக்கும் இதுவே பெயர். குளிர்காலத்தில் வயலில் வேலை இல்லை. முளைகட்டி உலர்த்திய தானியத்தை வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை ஹாப் பூவோடு கொதிக்கவிட்டு, ஆறியபின் பீப்பாய்களில் நொதிக்க விடுவார்கள். மார்ச் மாதத்தோடு இந்த வேலை முடிந்துவிடும். குளிர்சாதனம் இல்லாத காலம். வெயில் ஏறியபின் வடித்தால் கெட்டுப்போகும். வசந்தத்தில் பக்குவமாகி, கோடையில் அறுவடை ஆட்களின் தாகத்துக்குப் போய்ச் சேர்ந்தது அந்த பீர். ஆல்கஹால் மூன்று, மூன்றரை சதவீதத்துக்கு மேல் போகாது என்கிறார்கள். வேலை செய்கிறவன் மயங்கி விழுந்தால் நஷ்டம் பண்ணைக்காரனுக்குத்தான். இதில் கிராமிய ரம்மியம் எதையும் தேட வேண்டியதில்லை. கூலியின் ஒரு பகுதியைப் பானமாக அளந்து கொடுக்கும் ஏற்பாடு அது.

இதை ஒரு 'பாணி' என்று பண்ணைக்காரர் யாரும் நினைத்திருக்க முடியாது. ஒவ்வொரு பண்ணையின் மதுவும் ஒவ்வொரு விதம். உலகத்து பீர்களையெல்லாம் பாணிவாரியாகப் பகுத்துப் பேசும் வழக்கத்தைப் பரப்பியவர் மைக்கேல் ஜாக்ஸன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் (பாடகர் அல்ல). 1977இல் வந்த அவருடைய புத்தகம்தான் இதற்கு ஆதாரம். இன்று செஸோனுக்கு இலக்கணமாகக் காட்டப்படுவது தூர்ப் கிராமத்து துபோன் ஆலையின் சரக்கு. 1844 முதல் பண்ணையாகவும் வடிப்பாலையாகவும் இருந்த அந்த இடத்தை 1920இல் ஆல்ஃப்ரெட் துபோன் வாங்கினார். மகன் லூயி கனடாவுக்குக் குடிபெயர்ந்து விவசாயம் செய்யப் போவதாக இருந்தான். அவனைத் தடுத்து நிறுத்தவே இந்தக் கொள்முதல். ஒரு தகப்பனின் கவலையில் தப்பிப் பிழைத்த ஆலையின் மது, பிறகு ஒரு விமர்சகனின் வகைப்பாட்டில் மாதிரி வடிவமாகிவிட்டது. அதன் வலு ஆறரை சதவீதம். அறுவடைக்காரன் குடித்ததைப் போல இரு மடங்கு. பழைய செஸோன்கள் புளிப்பும் காட்டு ஈஸ்டின் வாசமும் கொண்டவை என்று பெல்ஜிய பீர் ஆலைக்காரரான இவான் த பாட்ஸ் பின்னால் எழுதிக் காட்டினார். விமர்சகன் ஒரு மரபைக் காப்பாற்றுகிற அதே காரியத்தில் அதை மாற்றியும் விடுகிறான் என்பது இலக்கியத்தில் நமக்குப் பரிச்சயமான சங்கதிதான்.

நம்மிடம் இதற்கு இணை என்ன என்று பார்க்கையில் பெரும்பாணாற்றுப்படை குறுக்கிடுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் வலைஞர் குடியிருப்பைச் சொல்லுமிடத்தில் ஒரு செய்முறையையே தந்துவிடுகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவ வேண்டும். அகன்ற வாயுள்ள பிழாவில் ஆறவிட வேண்டும். நல்லடையைக் கலக்க வேண்டும். உரைகாரர் நச்சினார்க்கினியர் இதை முளை இடித்தது என்று விளக்குகிறார். இரண்டு பகல், இரண்டு இரவு சாடியில் இருக்க வேண்டும். வெந்நீர் சேர்த்து விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். அதே நூல் வேறோரிடத்தில் தோப்பி என்று ஒரு மதுவைப் பெயர் சொல்கிறது. அது நெல்லால் ஆனது என்பது உரை.

இது தென்னையிலோ பனையிலோ இறக்கிய கள் அல்ல. ஸ்தூலமான அர்த்தத்தில் இது பீர். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது முளையில் உள்ள நொதி. சர்க்கரையை மதுவாக்குவது ஈஸ்ட். எனோ பண்ணைக்காரன் பார்லியில் செய்ததை வலைஞர் குடி நெல்லில் செய்திருக்கிறது. சங்கப் பாடல்களில் கள்ளை 'அடுதல்' என்ற வினை வரும்போது நாம் கவனமில்லாமல் கடந்துபோகிறோம். அடுதல் என்றால் சமைத்தல். மரத்திலிருந்து இறங்குவதைச் சமைக்க வேண்டியதில்லை. அந்த ஒரு வினைச்சொல்லில் ஓர் அடுப்பும் ஒரு வீடும் இருக்கின்றன. நம் பதிப்புகளோ நறவு, தேறல், தோப்பி எல்லாவற்றுக்கும் 'கள்' என்று ஒரே வார்த்தையில் பொருள் எழுதி முடித்துக்கொள்கின்றன. மது என்றாலே கூச்சப்படும் ஒரு நூற்றாண்டின் மனம் இதில் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தக் கூச்சத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது நான் வேலை பார்க்கும் இந்த ஓசூர்ப் பக்கத்தோடு பின்னிக் கிடக்கிறது. 1886இன் சென்னை அப்காரிச் சட்டத்தில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றமாயிற்று. வீட்டில் அடுவதும் கடையில் விற்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே; இரண்டும் வருமானக் கணக்கு. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதமராக 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில். இன்றைய ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அந்த ஜில்லாவில் அடக்கம். கூலிப் பணம் கடையில் கரைவதைப் பார்த்த ஒருவரின் நியாயமான கோபம் அது. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கோபத்தின் இலக்கு அப்காரி உருவாக்கிய கடை. வீட்டு அடுப்பு அதற்கு முன்பே பேச்சிலிருந்து நழுவிவிட்டது.

கணக்கெழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் இன்னொன்றையும் கவனிக்கிறேன். மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுசெய்ய ராஜாஜி மந்திரிசபை 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடி போயிற்று. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. கள் மட்டும் 1987இல் தடையாகி, தடையாகவே நிற்கிறது. விற்பனை வரி இத்தனைக்கும் நடுவில் அசையவில்லை. 2017இல் ஜி.எஸ்.டி. வந்து அதை விழுங்கியபோது வெளியே விடப்பட்டவற்றில் முக்கியமானவை பெட்ரோலும் டீசலும் மதுவும். மது இல்லாததற்காகப் பிறந்த வரியின் வாரிசு இன்று மதுவை நம்பி உயிர் வாழ்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. 1915இல் தாமஸ் லீஷ்மன் தென்னிந்திய ஆலைகள் ஐந்தைச் சேர்த்து யுனைடெட் புரூவரீஸ் ஆக்கினார். பட்டாளத்து வெள்ளைக்காரனுக்கான பீர் பின்னால் நம்முடைய பீர் ஆயிற்று. 2010ஐ ஒட்டி பெங்களூரில் மதுக்கூடங்களே சொந்தமாக வடிக்கத் தொடங்கின. பெல்ஜியப் பாணிகள் இப்போது அங்கே பலகையில் எழுதப்படுகின்றன. சிப்காட் ஷிப்டு முடிந்து வருகிறவனுக்கு அந்தப் பலகை எட்டாது.

அவன் வீட்டில் ராகி இருக்கிறது. ராகி முளையில் மாவை இளக்கும் நொதி மற்ற சிறுதானியங்களைவிட வளமானது. அதே தானியம் உகாண்டாவில் அஜோன் என்ற மது. நேபாளத்திலும் சிக்கிமிலும் தோங்பா; நொதித்த ராகியின்மேல் வெந்நீர் ஊற்றி உறிஞ்சுகிறார்கள். உருத்திரங்கண்ணனாரின் வெந்நீர் இங்கே நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. ஓசூரில் ராகி மாவை முதல்நாள் கரைத்துப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சுகிறார்கள். முளைகட்டியதைக் குழந்தைக்குக் கஞ்சியாக்குகிறார்கள். கடையில் அதன் பெயர் 'ராகி மால்ட்'. மால்ட் என்பது வடிப்பாலைக்காரனின் சொல் என்பது வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் பொருட்டில்லை. வெயிலில் நிற்கிறவனின் பசியையும் தாகத்தையும் ஒருசேரத் தணிக்கும் புளித்த தானியம் என்ற அளவில், ஆறரை சதவீத செஸோனைவிட ஒரு சொம்புக் கூழ்தான் எனோ வயலுக்கு நெருக்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வீடு தோப்பி வடிக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பத்துப்பாட்டுக்குப் புதிதாக உரை எழுதப் புறப்படுகிறவர்கள் 'தோப்பி'க்கு எதிரே 'கள்' என்று எழுதுமுன், ஒருமுறை நெல்லை முளைகட்டிப் பார்க்கட்டும். இரண்டு பகல், இரண்டு இரவு போதும்.