கடைசற் பட்டறையில் பிறந்த பேனா

திருவேங்கட மலையின் அடிவாரத்திலே, அலர்மேல்மங்கைத் தாயார் கோயில் கொண்டருளியிருக்கும் திருச்சானூரும் அதனை ஒட்டிய யோகிமல்லவரமும், எழுத்தின் சரித்திரத்தை ஆராயப் புகுவார்க்கு மிகவும் உகந்த ஸ்தலங்களாகும். யோகிமல்லவரத்துப் பராசரேசுவரர் ஆலயத்தில் சோழர் காலத்துத் தமிழ்ச் சாஸனங்கள் உளியால் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மலைமேல் உள்ள திருக்கோயிலின் ஸங்கீர்த்தன பண்டாரத்திலே, தாள்ளப்பாக்கம் அன்னமாசாரியரும் அவர் வழிவந்தோரும் இயற்றிய தெலுங்குக் கீர்த்தனங்கள் ஆயிரக்கணக்கான செப்பேடுகளில் வெட்டப்பெற்று, பல தலைமுறைகள் மறைந்துகிடந்து, சென்ற நூற்றாண்டிலே அச்சேறி உலகுக்குக் கிடைத்தன. திருப்பதிக் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையத்திலோ, எழுத்தாணி கீறிய ஓலைச்சுவடிகள் அடுக்கடுக்காக உள்ளன. தானம் அளித்தவர் பெயரும், பாடியவர் பெயரும், சில இடங்களில் எழுதியவர் பெயரும் இவற்றில் காணக் கிடைக்கின்றன. அந்த உளியையும் எழுத்தாணியையும் உலையிலிட்டு வடித்துக் கொடுத்த கருமானின் பெயரைக் காண்பதோ மிக அரிது. கல்வியைப் போற்றிய நம் முன்னோர், கல்விக்குரிய கருவியைச் செய்தவனைப் போற்ற மறந்தார்கள் என்பதே இதனால் விளங்கும் உண்மை.

எழுத்தாணி ஒரே இரும்புத் துண்டு. ஊர்க் கொல்லன் ஒருவனே அதனை முடித்துவிடலாம். மைப்பேனா அவ்வாறானதன்று. உடற்குழாய், மூடி, கழுத்து, நிப்பு, நிப்பின் அடியில் ஒட்டிக் கிடக்கும் கட்டை என்று பல உறுப்புகள் சேர்ந்தால்தான் அது பேனாவாகும். இவற்றுள் ஒன்று மயிரிழை பிசகினாலும் மற்ற யாவும் வீணாகும். ஆதலால், ஒரு நாடு பேனா செய்யக் கற்றுக்கொண்டதா என்று அறிய விரும்புகிறவர், வெளியே பளபளக்கும் உடலைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், உள்ளே இருக்கும் கட்டையும் முன்னே இருக்கும் நிப்பும் யாருடைய கையில் உருவாயின என்றே வினவ வேண்டும். தென்னாட்டுப் பேனாத் தொழிலின் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு வினாவைச் சுற்றியே நடந்திருக்கிறது.

நியூயார்க்கைச் சேர்ந்த லூயிஸ் எட்சன் வாட்டர்மன் 1884-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற பேனாவின் சிறப்பு அந்தக் கட்டையில்தான் அடங்கியிருந்தது. மை கீழே இறங்க வேண்டுமானால், அது விட்டுச்செல்லும் இடத்தை நிரப்பக் காற்று மேலே ஏறியாக வேண்டும். காற்று ஏறாவிடில் பேனா எழுதாது, அளவுக்கு மிஞ்சி ஏறினால் மை கொட்டிப் போகும். கட்டையின் மேற்புறத்தில் ஒரு வாய்க்காலும், அந்த வாய்க்காலின் தரையில் மிக நுண்ணிய கீறல்களும் வெட்டப்படுவதால், கீறல்களின் வழியே மை ஈர்க்கப்பட்டு இறங்கவும், வாய்க்காலின் வழியே காற்று ஏறவும் வசதி உண்டாகிறது. இவ்வளவு சிறிய கட்டைக்குள் நீரும் வாயுவும் சமரஸமாக எதிரெதிர் நடப்பதற்கு வழி செய்தது, அக்காலத்து எந்திர நூலாரின் பெருமைக்குரிய சாதனை.

இத்தகைய கட்டைக்கும் உடலுக்கும் ஏற்ற பொருளாக வாய்த்தது எபோனைட். சார்லஸ் குட்இயர் என்பார் 1839-இல் ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தும் முறையைக் கண்டார். அவருடைய சகோதரர் நெல்சன், கந்தகத்தின் பங்கை மிகுதியாக்கி நெடுநேரம் வேகவைத்தால் ரப்பர் மரம்போல் இறுகிவிடுவதை அறிந்து, 1851-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவ்வாறு இறுகிய பொருள் கருங்காலியைப் போல் கறுத்து, கடைசலுக்கு இணங்கி, மையின் அமிலத்தைத் தாங்கி, கைச் சூட்டை உள்ளே எளிதில் விடாமல் நிற்கிறது. மை அதன் மேல் முத்து முத்தாகத் திரண்டு நில்லாமல் பரவி ஒட்டும் குணமும் அதற்கு உண்டு; கட்டைக்கு எபோனைட்டை விடச் சிறந்த பொருள் இல்லை என்று பேனா வல்லுநர் இன்றும் கருதுவது இதனாலேயே.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காசியில் ராதிகாநாத் சாகா முதலியோர் இந்தியப் பேனா செய்யும் முயற்சியில் இறங்கினர். எனினும் ஆந்திர தேசத்திலே, கோதாவரிக் கரையில் உள்ள ராஜமகேந்திரவரத்திலே, கோசூரி வேங்கடரத்னம் என்பவர் செய்த முயற்சியே இத்தொழிலுக்கு ஒரு லட்சியத்தை அளித்தது. நகைத் தொழிலோடும் அச்சு வெட்டும் வேலையோடும் பழகிய கையையுடைய அவர், சாமானிய மக்களுக்கு நாள்தோறும் பயன்படும் பொருளொன்றைச் செய்யுமாறு மகாத்மா காந்தி கூறியதை உபதேசமாக ஏற்று, 1930-களின் தொடக்கத்தில் பேனாத் தொழிலை மேற்கொண்டார். உறுப்புகளுள் ஒன்றேனும் அந்நிய நாட்டிலிருந்து வந்ததாக இருத்தல் ஆகாது என்று மகாத்மா வற்புறுத்தினார் என்றும், அதன் பின்னரே நிப்பு உட்பட யாவும் உள்நாட்டிலே செய்த பேனா உருவாயிற்று என்றும் அவ்வூரில் வழங்கும் வரலாறு சொல்கிறது. அந்தப் பேனா, அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தைச் சேர்ந்த ஜே.சி. குமரப்பா மூலமாக மகாத்மாவை அடைந்தது. அதனைப் பயன்படுத்திப் பார்த்து, கடைத்தெருவில் விற்கும் அந்நியப் பேனாக்களுக்கு ஈடாக அது அமைந்திருப்பதாக அவர் 1935 ஜூலை 16-ஆம் தேதி எழுதிய கடிதத்தில் ரத்னத்துக்குத் தெரிவித்தார்.

இந்த நிகழ்ச்சியிலே தமிழர்க்கு உரிமையான ஒரு பங்கும் உண்டு. குமரப்பா 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காய்வும் அமெரிக்காவில் பொருளாதாரமும் பயின்றவர். 1934-இன் இறுதியில் அமைக்கப்பெற்ற அச்சங்கத்தின் காரியதரிசியாக வார்தாவில் அமர்ந்து, செக்கும் உரலும் காகிதப் பட்டறையும் தேசத்தின் ஜீவநாடிகள் என்று வாதாடியவர். ஒரு பொருளின் விலையை மட்டும் கணக்கிட்டு நிறுத்திவிடாமல், அதன் ஒவ்வோர் உறுப்பும் யாருக்கு உழைப்பையும் உணவையும் அளித்தது என்று கேட்பது அவருடைய பொருளாதாரத்தின் சாரம். அத்தகையவர் கையால் அந்தப் பேனா கைமாறியது மிகவும் பொருத்தமே.

கையால் பேனா கடையும் முறை, வீட்டுத் திண்ணையின் ஒரு மூலையில் அடங்கிவிடும் அளவு எளிய சாதனங்களைக் கொண்டது. ஒரு சிறு கடைசல் இயந்திரம், சில உளிகள், துளைக் கம்பிகள், உள்மரை வெட்டும் டேப், வெளிமரை வெட்டும் டை, மெல்லிய ரம்பம், உப்புத்தாள், மெருகேற்றும் துணிச் சக்கரம் ஆகிய இவையே மூலதனம். எபோனைட் கம்பியை வேண்டிய நீளத்துக்கு அறுத்து இயந்திரத்தின் பிடியிலே பொருத்தி, முதலில் நடுத் துளையைக் குடைவார்கள். துளைக் கம்பியை அவசரமாகச் செலுத்தினால் உராய்வின் சூட்டில் எபோனைட் இளகிக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். ஆகவே சிறிது குடைவதும், வெளியே இழுத்துத் தூளைத் தட்டுவதும், மீண்டும் குடைவதுமாகப் பொறுமையோடு செல்ல வேண்டும். கடையும்போது எழும் கந்தக நாற்றம் பட்டறையைவிட்டு அகல்வதில்லை. குழாயின் சுவர் மெலிந்துபோனால், எழுதுவோன் கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். தடித்துப்போனாலோ மைக்கு இடம் குறையும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள அளவை, உளி பிடித்த கையே அறியும்.

அடுத்தது மரை. கழுத்து உடலோடு சேரும் மரை நெருக்கமாகவும் ஆழமாகவும் இருந்து, மை கசியாதபடி இறுக வேண்டும். மூடி உடலோடு சேரும் மரையோ, ஒன்றிரண்டு சுற்றிலே திறந்துகொள்ளும் பொருட்டு, மூன்று அல்லது நான்கு மரைகள் ஒன்றோடொன்று பிணைந்து ஓடுமாறு வெட்டப்படும். அதற்குரிய டேப்பையும் டையையும் தம் பட்டறையிலே தாமே செய்துகொண்ட வல்லுநர்களும் உண்டு. பிறகு கட்டை: மெல்லிய எபோனைட் குச்சியைக் கடைந்து, வாய்க்காலும் கீறலும் வெட்டி, நுனியைச் சாய்த்துச் சீவி, நிப்போடு சேர்த்துக் கழுத்தினுள் செருகிப் பார்ப்பார்கள். நிப்புக்கும் கட்டைக்கும் இடையே இடைவெளி தென்பட்டால், கட்டையை வெந்நீரில் நனைத்து இளக வைத்து, நிப்பின் வளைவுக்கு இணங்க அழுத்திப் பிடிப்பார்கள். ஆறியதும் அந்த வளைவு நிலைத்துவிடும். நெடுநாள் வாழ்ந்த தம்பதிகள் ஒருவர் போக்கை மற்றவர் ஏற்றுக்கொள்வது போல, அந்த நிப்பும் கட்டையும் அதன்பின் ஒன்றுக்கொன்றே உரியன. ஆலையில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்படும் உறுப்புகளுக்கு இத்தகைய உறவு இல்லை. கையால் கடைந்த பேனாவை ஐம்பது ஆண்டு கழிந்த பின்னும் கழற்றிச் சீர்செய்ய முடிவதற்கு இந்த உறவே காரணம்.

ரத்னத்தின் ஊரிலேயே 1946-இல் கைடர் என்னும் பெயரில் மற்றொரு பட்டறை எழுந்தது. அந்நியப் பேனாக்களின் இறக்குமதி சுதந்திரத்துக்குப் பின் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், கடைசற்காரர்களின் கைக்கு ஓயாத வேலை கிடைத்தது. சென்னையில் ஜெம் அண்டு கம்பெனியார் காமா என்னும் பெயரில் எபோனைட் பேனாக்களை விற்றுப் பெயர் பெற்றனர். சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் யாத்திரிகர்கள், வீரராகவப் பெருமாளைச் சேவித்துச் செல்லும் திருவள்ளூரில், ஏறக்குறைய 1970 முதல் ஒரு குடும்பத்தார் ரங்கா என்னும் பெயரில் எபோனைட் பேனாக்களைக் கையாலேயே கடைந்து வருகின்றனர். திருத்தணியையும் புத்தூரையும் கடந்து திருச்சானூருக்கு வரும் அதே சாலையில், இரண்டு மூன்று மணி நேரப் பயணத் தொலைவில், உலகெங்கும் உள்ள பேனா ரஸிகர்கள் தேடி வாங்கும் பொருளொன்று பிறந்துகொண்டிருப்பதை நம்மவருள் பலர் அறியார்.

உடலும் கட்டையும் கடைசலில் பிறக்கின்றன. நிப்பு பிறப்பது தகட்டிலும் அச்சிலும். அந்தக் கலைக்குத் தமிழ்நாட்டில் பெயர்போன ஊர் சாத்தூர். காராச்சேவுக்கும் வெள்ளரிக்கும் பேர்பெற்ற அவ்வூரின் சிறு பட்டறைகளில், எஃகுத் தகட்டிலிருந்து இலை வடிவில் துண்டு வெட்டுவதும், நடுவே துளையிடுவதும், பெயர் பதிப்பதும், வளைப்பதும், நுனியிலிருந்து துளை வரை பிளப்பதும், பிளந்த நுனியைத் தேய்த்து வழவழப்பாக்குவதுமாகிய வேலைகள், கையால் இழுத்து அழுத்தும் சிறு அச்சுப்பொறிகளைக் கொண்டே நடைபெற்றன. நம் பள்ளிக்கூடங்களில் மை தொட்ட விரல்களோடு பயின்ற சந்ததியாருள் எண்ணற்றோர் சாத்தூர் நிப்பினால் எழுதியவர்களே.

பந்துமுனைப் பேனா எங்கும் பரவியதும் இந்த வாழ்வு சரிந்தது. இங்க் பில்லரும் வேண்டாம், கழுவவும் வேண்டாம், தீர்ந்தால் எறிந்துவிடலாம் என்ற வசதியின் முன்னே பட்டறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. சாத்தூரில் நிப்புத் தொழில் மங்கிற்று. பிறகு எதிர்பாராத விதமாக, கையால் செய்த பொருளின் அருமையை உணர்ந்த அன்பர்கள் தேசந்தோறும் தோன்றி, எபோனைட் பேனாவுக்குப் புத்துயிர் ஊட்டினர். இன்று வீட்டிலே சிறிய கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்து, உத்தியோக நேரம் போக மிஞ்சிய பொழுதில் தமக்கென ஒரு பேனாவைக் கடைந்துகொள்ளும் இளைஞர்களும் உண்டாகியிருக்கிறார்கள். இது மிகவும் வரவேற்கத்தக்கது.

ஆயினும், புகழோடு வெளிநாடு செல்லும் இப்பேனாக்களின் முன்னே, பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வருவிக்கப்பட்ட நிப்பே பொருத்தப்படுகிறது. வாங்குவோர் அதனையே விரும்புகின்றனர் என்பதும், நுனியில் ஒட்டப்படும் தேயாத உலோகக் கலவையும் அதனைப் பழுதறத் தீட்டும் திறனும் எளிதில் வாய்ப்பன அல்ல என்பதும் மெய்யே; கடைசற்காரரை இதற்காகக் குறைகூறுதல் தகாது. எனினும், ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ராஜமகேந்திரவரத்துக் கைவினைஞர் ஒருவர் தீர்த்துக் காட்டிய வினா இப்போது மறுபடியும் நம்முன் நிற்கிறது என்பதை மறைக்கவும் இயலாது. கட்டை வெட்டும் கை திருவள்ளூரில் இருக்கிறது. நிப்பு அடித்த அனுபவம் சாத்தூர் முதியோரிடம் இன்னும் எஞ்சியிருக்கக் கூடும். உலோகங்களை ஆராயும் கலாசாலைகள் சென்னையிலும் திருப்பதியிலும் இருக்கின்றன. தொழிற்பயிற்சி நிலையங்கள் மாணவனுக்குக் கடைசல் பயிற்றும்போது, வெறும் இரும்பு உருளையைக் கடைந்து எறியச் செய்வதற்குப் பதிலாக, ஒரு பேனாவை அடிமுதல் நுனிவரை செய்து முடிக்கும்படி பணித்தால், துளையும் மரையும் கீறலும் அச்சும் ஆகிய யாவற்றையும் அந்த ஒரு பொருளிலேயே அவன் கற்றுவிடுவான். கடைசல், நிப்பு, உலோக ஆராய்ச்சி ஆகிய மூன்று திறங்களையும் ஒன்றுகூட்டும் முயற்சியை அரசாங்கமோ சங்கமோ மேற்கொள்ளுமாயின், நிப்பு முதல் மூடி வரை நம் கையாலே முடித்த பேனாவைத் தென்னாடு மீண்டும் உலகுக்கு அளிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.